பனங்கள்ளிலிருந்து வினாகிரி: அசற்றிக்கமிலத்தைப் பக்குவமாக விளைவிக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் கள்ளைப் புளிக்க வைக்க யாரும் பாடுபட வேண்டியதில்லை. விடியற்காலையில் இறக்கிய பனங்கள்ளு மாலைக்குள் கடுத்து, மறுநாள் புளித்து, நான்காம் ஐந்தாம் நாளில் வாயில் வைக்க முடியாதபடி ஆகிவிடும். அப்படிப் புளித்ததைப் போத்தலில் ஊற்றி இறுக மூடிவைத்துவிட்டு, அதையே வினாகிரி என்று சொல்பவர்கள் நம்மிடையே உள்ளனர். புளித்த கள்ளு வேறு, வினாகிரி வேறு. புளித்த கள்ளில் ஊறவைத்த வெங்காயத்திலும் மிளகாயிலும் விரைவிலேயே பூஞ்சணம் படர்ந்துவிடும். நன்கு விளைந்த வினாகிரியில் ஊறிய அச்சாறு மாதக்கணக்கில் நிற்கும். இந்த வேறுபாடு முழுவதும் அசற்றிக்கமிலம் என்ற ஒரு சேர்வையின் அளவில்தான் தங்கியிருக்கிறது.

கள்ளு வினாகிரியாவதற்கு இரண்டு புளிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். முதலாவதில் மதுவம் (ஈஸ்ற்) என்ற நுண்ணுயிர் வெல்லத்தை மதுசாரமாக்குகிறது; அதற்குக் காற்று தேவையில்லை. இரண்டாவதில் அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் மதுசாரத்தை அமிலமாக்குகின்றன. அவற்றுக்குக் காற்று இல்லாமல் ஒரு நாளும் ஆகாது. ஒன்றுக்கு உகந்த நிலை மற்றதற்கு உகந்ததன்று. வீட்டில் வினாகிரி செய்து தோற்றவர்களின் கதைகளைக் கேட்டால், பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே பாத்திரத்தில், ஒரே மூடியின் கீழ், ஒரே நேரத்தில் நடத்த முயன்றதே காரணமாக இருப்பதைக் காணலாம். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அவ்விரண்டையும் பிரித்து நடத்துவதைப் பற்றியதாகவே இருக்கும்.

அமிலத்தைப் பற்றி முதலில்

வினாகிரி என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. அச்சாறு என்ற சொல்லும் அவர்கள் வழியாகவே வந்து, நமது அடுக்களையில் வினாகிரியோடு இணைபிரியாமல் நிற்கிறது. ஆனால் வினாகிரியின் உயிரான அசற்றிக்கமிலம், மனிதர் மதுவைத் திறந்து வைத்த காலத்திலிருந்தே எல்லா நாட்டிலும் தானாக விளைந்து வந்துள்ளது. பாடசாலை இரசாயனவியலில் எதனோயிக்கமிலம் என்று படிப்பது இதையேதான். இரண்டு காபன் அணுக்கள் மட்டுமே கொண்ட சிறிய மூலக்கூறு இது. இதன் ஒரு மூலின் (மூல் என்பது மூலக்கூறுகளை எண்ண இரசாயனவியலில் வழங்கும் அலகு) திணிவு 60 கிராம். தூய நிலையில் 16.6 பாகை செல்சியசில் உறைந்து பனிக்கட்டி போலாகும். அந்த நிலையில் 1789 இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் யொகான் தோபியாசு லோவிற்சு என்ற இரசாயனவியலாளர். 1845 இல் எர்மன் கோல்பே என்பவர் உயிர்ப்பொருள் எதையும் பயன்படுத்தாமல் இதே அமிலத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார். வினாகிரியின் மேல் படரும் ஆடை உயிருள்ளது என்பதையும், மதுசாரத்தை அமிலமாக்கும் வேலையை அதுவே செய்கிறது என்பதையும் 1860களில் லூயி பாசுச்சர் நிறுவினார்.

இன்று தொழிற்சாலைகளில் பெருமளவு அசற்றிக்கமிலம் மெதனோலையும் காபனோரொட்சைட்டையும் தாக்கமுறச் செய்து ஆக்கப்படுகிறது. அதை நீரில் கலந்து விற்பதே செயற்கை வினாகிரி. மூலக்கூறு அளவில் அதற்கும் கள்ளில் விளைந்த அமிலத்துக்கும் வேறுபாடில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓர் அடையாளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பனை தன் உயிர்க்காலத்தில் காற்றிலிருந்து எடுத்த காபனில் கதிர்த்தொழிற்பாடுள்ள காபன் 14 சிறிதளவு கலந்திருக்கும். நிலத்தடி எரிபொருளிலிருந்து வந்த காபனில் அது முற்றாகத் தேய்ந்துபோயிருக்கும். ஆய்வுகூடங்கள் இதைக் கொண்டே இயற்கை வினாகிரியையும் செயற்கை வினாகிரியையும் பிரித்தறிகின்றன. நாக்குக்கு வேறுபாடு தெரிவது அமிலத்தால் அன்று. கள்ளிலிருந்து கூடவே வரும் எசுத்தர்கள் என்ற மணச் சேர்வைகள், தயிரைப் புளிக்கவைக்கும் இலற்றிக்கமிலம், எஞ்சிய உப்புகள் ஆகியவற்றால்தான். பனங்கள்ளு வினாகிரியின் மென்மையும் பின்மணமும் அவற்றின் கொடை. அதற்காகவே இவ்வளவு நாள் காத்திருக்கிறோம்.

கள்ளைத் தெரிந்தெடுத்தல்

பனங்கள்ளு ஆண்டு முழுவதும் கிடைக்காது. பங்குனி, சித்திரையில் நன்றாகக் கிடைக்கும். வினாகிரிக்கும் அதுவே உகந்த காலம், ஏனெனில் அப்போதைய வெப்பம் பற்றீரியாக்களுக்கு ஏற்றது. மற்றக் காலங்களில் தென்னங்கள்ளைப் பயன்படுத்தலாம். அதில் வெல்லம் சற்று அதிகம் இருப்பதால் அமிலமும் சற்றுக் கூடுதலாகவே வரும்.

தவறணையில் வாங்கும் கள்ளில் நீர் கலந்திருக்கக்கூடும். நீர் கலந்த கள்ளிலிருந்து நீர்த்த வினாகிரியே வரும், அதை எந்தக் கைப்பக்குவத்தாலும் திருத்த முடியாது. காரணத்தைக் கணக்கிலேயே காணலாம். பாளையிலிருந்து வடியும் சாற்றில் 100 மில்லி லீற்றருக்கு ஏறத்தாழ 10 முதல் 13 கிராம் வரை சுக்குரோசு இருக்கும். அது முற்றாகப் புளித்தால் கனவளவில் 5 அல்லது 6 வீதம் மதுசாரம் கிடைக்கும். ஒரு கிராம் மதுசாரத்திலிருந்து கோட்பாட்டளவில் 1.3 கிராம் அமிலம் வர வேண்டும். ஆவியாதலாலும் பிற இழப்புகளாலும் அவ்வளவு வருவதில்லை. நடைமுறையில் கள்ளில் எத்தனை வீதம் மதுசாரமோ, அதற்குச் சற்றுக் குறைவான வீதம் அமிலம் என்று எண்ணிக்கொள்ளலாம். நல்ல கள்ளிலிருந்து 4 முதல் 5 வீதம் கிடைக்கும். பாதிக்குப் பாதி நீர் கலந்திருந்தால் இரண்டரை வீதத்தைத் தாண்டாது. எனவே சீவல் தொழிலாளியிடம் மரத்தடியிலேயே நேரடியாகக் கேட்டு வாங்குவது நல்லது. விற்பனைக்காக வினாகிரி செய்ய எண்ணுபவர்கள் கள்ளைக் கையில் எடுக்கும் முன்பே மதுவரித் திணைக்களத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் அனுமதி பற்றிக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

முட்டியையும் கேட்டறிய வேண்டும். புளிக்காத இனிப்புச் சாறான கருப்பநீருக்குக் (கருப்பணிக்கு) கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அது சாற்றைக் காரத்தன்மையாக்கிப் புளிப்பைத் தடுக்கும். கள்ளு முட்டியில் சுண்ணாம்பு இருக்காது. ஒரு முறை நான் புளித்த கள்ளை ஊற்றிவைக்கப் பழைய முட்டி ஒன்றைத் தேடி எடுத்து, நன்றாகக் கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு பயன்படுத்தினேன். ஒரு மாதம் சென்றும் புளிப்பு ஏறவில்லை. கள்ளுத் தந்த பெரியவர் முட்டியின் உள்விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது கருப்பணி முட்டியெல்லோ. இதுக்குள்ளை புளிப்பு நிக்காது" என்றார். மண்ணின் நுண்துளைகளில் ஊறியிருந்த சுண்ணாம்பு, உண்டாகும் அமிலத்தை எல்லாம் கல்சியம் அசற்றேற்றாக மாற்றிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கண்ணாடிச் சாடியைத் தவிர வேறெதையும் நான் பயன்படுத்துவதில்லை.

செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு ஆகிய பாத்திரங்கள் எந்தக் கட்டத்திலும் கூடாது. அமிலம் அவற்றை அரித்துக் கரைக்கும். பளபளப்பான பூச்சுள்ள பழைய பீங்கான் சாடிகளில் ஈயம் இருக்கக்கூடுமாகையால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். ஈயம் அசற்றிக்கமிலத்தில் கரைந்து உண்டாகும் உப்பு இனிப்பானது, நஞ்சானது. சுவையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கள்ளே கிடைக்காதவர்கள் பனங்கட்டியிலிருந்தும் தொடங்கலாம். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு 150 கிராம் பனங்கட்டியைக் கரைத்து, வடித்து, பாணுக்குப் போடும் ஈஸ்ற் ஒரு சிட்டிகை சேர்த்தால் போதும். மணம் சற்று வேறாக இருக்கும், முறை ஒன்றே.

முதலாம் புளிப்பு

கள்ளை மெல்லிய துணியில் வடித்து, பூச்சி, பன்னாடைத் தும்பு முதலியவற்றை நீக்கி, சுடுநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிச் சாடியில் முக்காற்பங்கு நிரப்ப வேண்டும். கள்ளிலேயே மதுவம் இருப்பதால் வேறொன்றும் சேர்க்கத் தேவையில்லை. மூடியைத் தளர்வாக வைக்க வேண்டும். இறுக்கினால் வெளிவரும் காபனீரொட்சைட்டு சாடியையே வெடிக்கச் செய்யும். முதல் நாள் வெண்ணுரை பொங்கி எழும், காதை அருகில் வைத்தால் இடைவிடாத சீறல் கேட்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் நுரை அடங்கி, சீறல் ஓய்ந்து, அடியில் சாம்பல் வெள்ளையாக மண்டி படியும். நாக்கில் இனிப்பு அறவே இல்லாமற் போவதே முடிவுக்கு அடையாளம்.

இனிப்பு மிச்சமிருக்கும்போது அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. அமிலம் ஏறத் தொடங்கியதும் மதுவம் சோர்ந்துவிடும். எஞ்சிய வெல்லம் வெல்லமாகவே நின்று, பின்னர் வேண்டாத உயிர்களுக்கு உணவாகும். நான்காம் நாள் சாடியை அசைக்காமல், மேல் தெளிவை மட்டும் இறப்பர்க் குழாயால் வேறு பாத்திரத்துக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அடி மண்டி இறந்த மதுவம். அதை விட்டுவைத்தால் வினாகிரியில் அழுகிய வாடை ஏறும்.

இரண்டாம் புளிப்பு

வேலையின் நடுநாயகம் இந்தக் கட்டம். எனவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மூல் மதுசாரம் அசற்றிக்கமிலமாக ஒரு மூல் ஒட்சிசன் வேண்டும். கிராமில் சொன்னால் 46 கிராம் மதுசாரத்துக்கு 32 கிராம் ஒட்சிசன். ஒரு லீற்றர் நல்ல கள்ளில் ஏறத்தாழ 40 கிராம் மதுசாரம் இருக்கிறது. அதற்கு 28 கிராம் ஒட்சிசன் தேவை. நமது காற்றில் ஒரு லீற்றருக்கு ஒட்சிசன் கால் கிராமுக்குச் சற்று அதிகமாகவே உள்ளது. ஆகவே ஒரு லீற்றர் கள்ளு வினாகிரியாவதற்கு ஏறத்தாழ 100 லீற்றர் காற்றிலுள்ள ஒட்சிசன் முழுவதும் வேண்டும். கழுத்துவரை நிரப்பி இறுக மூடிய போத்தலில் இருக்கும் காற்று சில மேசைக்கரண்டி அளவுதான். முதன்முதலில் நான் அப்படித்தான் செய்தேன். மூன்று கிழமை கழித்துத் திறந்தபோது உள்ளே இருந்தது புளித்த கள்ளே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் மூடியைத் தூக்கி எறிந்தேன்.

வாய் அகன்ற சாடியே தேவை. 10 லீற்றர் கொள்ளும் சாடியில் 5 லீற்றருக்கு மேல் ஊற்றக் கூடாது. ஆழம் குறைந்து பரப்பு அகல அகல, காற்றுப் படும் இடம் கூடி, நாள்கள் குறையும். பழைய வெள்ளை வேட்டித் துணியை இரட்டையாக மடித்து வாயில் போர்த்து, கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். துணி காற்றை விடும், பழ ஈயை விடாது. ஒரே ஒரு பழ ஈ உள்ளே சென்று முட்டையிட்டாலும் முழுச் சாடியும் புழுக்கும்.

அடுத்து உறை ஊற்ற வேண்டும். தயிருக்கு உறை எப்படியோ, வினாகிரிக்கும் அப்படியே. சூடாக்காத, உயிருள்ள பழைய வினாகிரி ஒரு லீற்றரை நான்கு லீற்றர் தெளிந்த கள்ளோடு கலக்க வேண்டும். பழையது 5 வீத அமிலமுடையதாயின், கலவை தொடக்கத்திலேயே ஒரு வீத அமிலம் பெறும். இந்த ஒரு வீதம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பூஞ்சணத்தையும் மேலே படரும் காட்டு மதுவங்களையும் அடக்குகிறது. அமிலத்தைத் தாங்கும் நமது பற்றீரியாக்களுக்கு முன்னிடம் தருகிறது. கடையில் வாங்கும் செயற்கை வினாகிரியில் உயிர் இல்லை, அது உறையாகாது. ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் உறவினரிடமோ அயலவரிடமோ ஒரு போத்தல் கேட்டு வாங்குவதே சரியான வழி.

சாடியை வெயில் படாத, புகை படாத, காற்றோட்டமுள்ள மூலையில் வைக்க வேண்டும். 28 முதல் 32 பாகை செல்சியசு வரை மிகவும் உகந்தது. மார்கழி, தை மாதக் குளிரில் வேலை மந்தமாகும். வெயிலில் தகிக்கும் ஓட்டுக்கூரையின் கீழோ தகர மாலிலோ வைத்தால் 38 பாகையைத் தாண்டிப் பற்றீரியாக்கள் மடியும். வைத்த இடத்திலேயே சாடி இருக்க வேண்டும். இடம் மாற்றுவதும், தூக்கிப் பார்ப்பதும், குலுக்குவதும் கூடாது.

நான்கைந்து நாளில், சில வேளைகளில் பத்து நாள் சென்று, மேற்பரப்பில் ஆடை படரும். முதலில் கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் ஒரு மங்கல். பின்பு ஆறிய பாலின் மேல் படியும் ஏடு போல, சாம்பல் கலந்த, ஒளி புகும், வழுவழுப்பான மெல்லிய படலம். சாடியின் சுவரைச் சிறிது தொற்றி ஏறும். இதுவே அசற்றோபற்றர் என்ற இனத்துப் பற்றீரியாக்களின் குடியிருப்பு. சில வகைகள் செல்லுலோசை நெய்து தடித்த, வழுக்கும் தோல் போன்ற தட்டையே ஆக்கிவிடும். பார்ப்பதற்கு அருவருப்பாக இருந்தாலும் அதில் கேடில்லை. ஆடை மேலே மிதப்பதற்குக் காரணம், அங்குதான் கீழே மதுசாரமும் மேலே காற்றும் ஒருங்கே கிடைக்கின்றன. அதைக் குத்திக் கிழித்தால் தாழ்ந்து அடியில் விழும். விழுந்தது மூச்சின்றி ஓய்ந்துவிடும், மேலே புதிய ஆடை படரும்வரை வேலை நிற்கும்.

ஆடையைக் கலக்காமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சாடியில் ஊற்றும்போதே, அடிவரை எட்டும் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட வேண்டும். அதன் வழியே மாதிரி எடுக்கலாம். புதிய கள்ளையும் அதன் வழியே கீழே இறக்கலாம். பிரான்சின் ஓர்லியன்சு நகரில் பீப்பாய்களில் வினாகிரி செய்தவர்கள் பின்பற்றியதும் இதே முறையே: விளைந்ததில் ஒரு பகுதியை அடியிலிருந்து எடுத்து, அதே அளவு புதியதை அடியிலேயே சேர்ப்பார்கள், ஆடை தன்பாட்டில் மேலே கிடக்கும். மரச்சீவல் நிரப்பிய உயர்ந்த கொள்கலனில் மதுவைச் சொட்டவிட்டு நாள்களைக் குறைக்கும் விரைவு முறையை 1823 இல் சூற்சன்பாக் என்ற ஜேர்மனியர் உருவாக்கினார். வீட்டுக்கு அது வேண்டாம். காத்திருக்கும் முறையில் மணம் நன்றாக அமைகிறது என்பது என் துணிவு.

இந்தக் கட்டம் ஆறு முதல் பத்துக் கிழமை வரை எடுக்கும். இடையில் நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் வாடை வீசினால் பயப்பட வேண்டாம். உண்டான அமிலமும் மிஞ்சிய மதுசாரமும் சேர்ந்து எதைல் அசற்றேற்று ஆவதால் வரும் வாடை அது. மதுசாரம் இன்னும் மிச்சமிருக்கிறது என்பதே அதன் பொருள். காலம் செல்ல அடங்கிவிடும்.

அளந்து அறிதல்

புளிப்பை நாக்கால் மட்டும் மதிப்பிடக் கூடாது. இரண்டு வீத அமிலமும் நாக்குக்குக் கடும் புளிப்பாகவே தோன்றும். வினாகிரி என்று சொல்லத் தக்கதாக இருக்க 100 மில்லி லீற்றரில் குறைந்தது 4 கிராம் அசற்றிக்கமிலம் வேண்டும் என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனைக்கு அப்பச்சோடாவும், ஒரு கிராமின் பத்திலொரு பங்கைக் காட்டும் சிறிய மின்தராசும் போதும். 100 மில்லி லீற்றர் வினாகிரியைப் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, இளஞ்சூடாக்கி, முன்கூட்டியே நிறுத்து வைத்த அப்பச்சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நுரைத்துப் பொங்கி அடங்கும். இனி நுரைக்காது என்ற கட்டத்தில் நிறுத்தி, மிஞ்சிய சோடாவை நிறுத்தால், எவ்வளவு செலவானது என்பது தெரியும். 84 கிராம் சோடா 60 கிராம் அமிலத்தை நடுநிலையாக்கும். எனவே 4.2 கிராம் செலவானால் 3 வீதம், 5.6 கிராமானால் 4 வீதம், 7 கிராமானால் 5 வீதம். கள்ளிலுள்ள இலற்றிக்கமிலமும் இக்கணக்கில் சேர்ந்துவிடும் என்பதாலும், கடைசி நுரையைக் கண்ணால் பிடிப்பது கடினம் என்பதாலும் இது பருமட்டான சோதனையே. 5.6 கிராமுக்கு நன்றாக மேலே வந்தால் மட்டும் திருப்தி கொள்ள வேண்டும்.

உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஆசிரியரின் மேற்பார்வையில் பாடசாலை ஆய்வுகூடத்தில் திருத்தமாகவே அளந்து வரலாம். வினாகிரி 10 மில்லி லீற்றரைக் கனமானக் குடுவையில் 100 மில்லி லீற்றராக ஐதாக்க வேண்டும். அதிலிருந்து 25 மில்லி லீற்றரைக் குழாயியால் கூம்புக் குடுவைக்கு மாற்றி, நிறங்காட்டியான பினோத்தலின் இரண்டு துளி விட வேண்டும். அளவியில் ஒரு லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டை நிரப்பி, துளித்துளியாக விட்டுக் குடுவையைச் சுழற்ற வேண்டும். அரை நிமிடம் நிலைக்கும் மெல்லிய இளஞ்சிவப்பு தோன்றும் இடமே முடிவு. செலவான மில்லி லீற்றரை 0.24 ஆல் பெருக்கினால் அமில வீதம் கிடைக்கும், 16.7 மில்லி லீற்றர் செலவானால் வினாகிரி 4 வீதம். பத்து மடங்கு ஐதாக்குவதால் பனங்கள்ளு வினாகிரியின் மஞ்சள் நிறம் முடிவுப்புள்ளியை மறைப்பதில்லை.

ஐந்தாம் கிழமையிலிருந்து கிழமைக்கொரு முறை அளந்து குறித்துவைக்க வேண்டும். அமிலம் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். அடுத்தடுத்த இரண்டு கிழமைகளில் அளவு ஏறாவிட்டால் அதற்கு மேல் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மதுசாரம் தீர்ந்ததும் அதே பற்றீரியாக்கள் தாம் ஆக்கிய அமிலத்தையே எரித்து நீரும் காபனீரொட்சைட்டும் ஆக்கத் தொடங்கும். "நல்லாகப் புளிக்கட்டும்" என்று ஆறு மாதம் திறந்து வைத்த வினாகிரி கடைசியில் வெறும் நீராகச் சுவைப்பது இதனாலேயே.

வடித்துப் போத்தலில் நிரப்புதல்

ஆடையை அகற்றி, துணியில் இரு முறை வடித்து, ஓரிரு நாள் தெளியவிட்டு, தெளிவைக் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்ற வேண்டும். நெடுநாள் வைப்பதற்கானவற்றைப் போத்தலோடு நீர்ப்பாத்திரத்தில் நிறுத்தி, உள்ளிருக்கும் வினாகிரி 65 பாகைக்கு ஏறியபின் அரைமணி நேரம் அந்த வெப்பத்திலேயே வைத்திருந்து இறக்கலாம். கொதிக்கவிடக் கூடாது, மணம் ஆவியாகிவிடும். பிறகு கழுத்துவரை நிரப்பி இறுக மூட வேண்டும். இரண்டாம் புளிப்பில் எதைத் தவிர்த்தோமோ அதையே இங்கே செய்கிறோம்: இனி காற்று பகை.

உடனே பயன்படுத்தலாம் என்றாலும், மூன்று மாதம் இருட்டில் கிடந்தால் கூர்மை தணிந்து மணம் திரளும்.

கெட்டதை அறிதல்

வெள்ளையாக, உலர்ந்து சுருங்கிய, தொட்டால் மாப்போல் உடையும் படலம் காட்டு மதுவம். அதை வழித்தெறிந்து, பழைய வினாகிரி இன்னொரு போத்தல் சேர்த்து அமிலத்தை உயர்த்தினால் பெரும்பாலும் திருந்திவிடும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் எழுந்தது பூஞ்சணம். தயங்காமல் முழுவதையும் கொட்டி, சாடியைச் சுடுநீரில் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். மேலே வழித்துவிட்டுக் கீழே இருப்பதைக் காப்பாற்றும் எண்ணம் வேண்டாம்.

சாடியை அசைக்காமல் அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சினால் விளிம்பையொட்டி மயிரிழை போன்ற சின்னஞ்சிறு புழுக்கள் நெளிவது சில வேளைகளில் தெரியும். அவை வினாகிரியில் வாழும் நூற்புழுக்கள். மனிதருக்குத் தீங்கில்லை, 65 பாகையில் சூடாக்கி வடித்தால் நீங்கிவிடும்.

அச்சாற்றுக்குப் போகுமுன்

அசற்றிக்கமிலம் உணவைக் காக்கும் விதம் கவனிக்கத் தக்கது. நீரில் இது முழுவதும் பிரிகையடையாத மெல்லமிலம். பிரியாத மூலக்கூறு, கெடுக்கும் நுண்ணுயிரின் மென்சவ்வை எளிதில் கடந்து உள்ளே சென்று, அங்கே பிரிந்து, உயிரணுவின் உட்புறத்தையே அமிலமாக்கிவிடுகிறது. அமிலத்தன்மை கூடக் குறையும் அளவான பீஎச் 4.76 இல் பாதி மூலக்கூறுகள் பிரியாமல் இருக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்கப் பிரியாதவற்றின் பங்கு கூடும். நல்ல வினாகிரியின் பீஎச் ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை இருப்பதால், அதில் அமிலத்தின் பெரும்பங்கு பிரியாமலே நிற்கிறது.

ஆனால் போத்தலில் உள்ள அமிலம் வேறு, அச்சாற்றுச் சாடியில் எஞ்சும் அமிலம் வேறு. ஒரு கிலோ காய்கறியில் ஏறத்தாழ 900 கிராம் நீர். அதன்மேல் 5 வீத வினாகிரி அரை லீற்றர் ஊற்றினால், 25 கிராம் அமிலம் 1,400 கிராம் நீர்மத்தில் பரவி 1.8 வீதமாகக் குறையும். அதே இடத்தில் இரண்டரை வீதமுள்ள புளித்த கள்ளை ஊற்றினால் எஞ்சுவது 0.9 வீதமே. சின்ன வெங்காயத்தையும் மிளகாயையும் கரட்டையும் உப்பில் பிசறி வெயிலில் வாட்டிய பின்னரே வினாகிரியில் இடும் நம்மவர் வழக்கம், காய்கறியின் நீரைக் குறைத்து இந்தக் கணக்கை நமக்குச் சாதகமாக்குகிறது. வாட்டாமல் போடுபவர்கள் வினாகிரியின் அளவைக் கூட்டுவது நல்லது. அளந்து 4 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வினாகிரியைச் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அச்சாற்றுக்கு வேறு வினாகிரியைப் பயன்படுத்த வேண்டும்.

வினாகிரியை மருந்தாக எண்ணி நீர் கலக்காமல் குடிப்பவர்கள் பெருகியுள்ளனர். அது பல்லின் எனாமலைக் கரைக்கும், தொண்டையையும் இரைப்பையையும் எரிக்கும். செறிந்த அசற்றிக்கமிலத்தை வாங்கி வீட்டில் நீர் கலந்து வினாகிரியாக்குவதோ அதனினும் ஆபத்தானது. தோலில் பட்டாலே புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

சூடாக்கும் முன், ஒரு லீற்றரை ஆடையின் ஒரு துண்டோடு வேறு போத்தலில் எடுத்து, வாயைத் துணியால் கட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அரைக் கோப்பை புளித்த கள்ளை அதில் ஊற்றி வந்தால் உயிர் தங்கும். அடுத்த பங்குனியில் கள்ளு வரும்போது உறைக்கு யாரிடமும் போக வேண்டியிராது. கேட்டு வரும் அயலவருக்கும் ஒரு போத்தல் கொடுக்கலாம்.